பச்சோந்திக் கூண்டில் செடி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க

நர்சரியில் இருந்து புதுத் தொட்டி வந்து கூண்டுக்குள் போய் மூன்றாம் நாள், பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உடனே எல்லோரும் கேட்பது, 'இந்தச் செடி விஷமா?' பாதி நேரம் அது தப்பான கேள்வி. அரளி, அடினியம், டிஃபன்பேக்கியா போன்ற சிலவற்றை ஒதுக்கிவிட்டால், இலையால் வருகிற தொல்லையைவிட இலைமேல் அடித்த மருந்து, மண்ணில் தூவிய குருணை, தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் பெர்லைட் என்ற லேசான உருண்டை ஆகியவற்றால் வருகிற தொல்லைதான் அதிகம். அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் இலையோடு நிற்காமல் தொட்டியையும் தண்ணீரையும் விளக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

சொல்வதெல்லாம் வெயில்டு பச்சோந்தியை வைத்து. ஏமன், சவூதி மலைப்பகுதி இனம். தலையில் உயரமான கொண்டை இருக்கும். பாந்தர் என்ற இன்னொரு பச்சோந்தி இனம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். ஒரு வித்தியாசம்: பாந்தர் இலையை அவ்வளவாகத் தொடாது, வெயில்டு ஆடு மாதிரி மேயும். பெயரில் 'வெயில்' இருக்கிறதே என்று வேலூர் மே மாத மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அது முக்காட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.

நம் ஊர் வேலியிலும் புதரிலும் திரியும் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெயில்டும் பாந்தரும், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்வது

செடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பச்சோந்தியை எடுங்கள். துணி போடும் பிளாஸ்டிக் வலைக்கூடை ஒன்று, உள்ளே குறுக்காக இரண்டு காய்ந்த கொய்யாக் கிளை, கீழே வெள்ளைத் துணி அல்லது டிஷ்யூ. இதுதான் தற்காலிகக் கூண்டு. வெள்ளைத் துணி எதற்கென்றால், எச்சம் விழுந்தால் நிறம் தெரிய வேண்டும். எச்சத்தில் கறுப்பும் வெள்ளையும் இருக்கும். வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது. மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் தண்ணீர் குறைவு.

அடுத்து, பழைய கூண்டில் மேல் கிளை, நடுக் கிளை, அடித்தளம் மூன்றிலும் வெப்பத்தை அளந்து எழுதி வையுங்கள். குறிவைத்து அளக்கும் துப்பாக்கி மாடலைவிட ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் நல்லது. துப்பாக்கி கிளையின் சூட்டைக் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது.

பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

பச்சோந்தி பகலில் தூங்காது. மூடியிருந்தால் ஏதோ ஒன்று சரியில்லை.

ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் கண்ணுக்குள் ஏதோ பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைகஸ் பெஞ்சமினாவை ஒடித்தால் வெட்டிய இடத்தில் பால் துளி நிற்கும். அதில் முகம் உரசினால் கண் எரியும். குரோட்டன்ஸ், முள் கிரீடச் செடி இரண்டும் இதே கதைதான், இன்னும் கடுமை. மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, டிராப்பரில் கண்ணின் மேல் ஓரத்திலிருந்து ஐந்தாறு சொட்டு ஓடவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. நம் கண்ணுக்கு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். மறுநாளும் திறக்கவில்லை என்றால் மருத்துவர். ஃபைகஸைக் கத்தரித்தால் வெட்டுவாயைத் தண்ணீரில் கழுவி, பால் நின்று காய ஒரு நாள் வெளியில் வைத்த பிறகே உள்ளே எடுக்க வேண்டும்.

இரண்டு கண்ணும் மூடி, கண் மேடு உள்ளே குழிந்திருந்தால் தண்ணீர்க் குறைவு. வேலூரில் பங்குனி தொடங்கி ஆனி வரை அதிகம் பார்க்கிற கோளாறு இது. பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். காலை விளக்கு எரியும் முன்னும் மாலை அணைந்த பிறகும் 2 முதல் 3 நிமிடம் இலைகள் சொட்டும் அளவுக்குத் தெளியுங்கள். பகலில் ஒரு பாட்டிலின் அடியில் ஊசித் துளை போட்டு, இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்ற வேகத்தில் அகலமான இலைமேல் விழும்படி கட்டி வையுங்கள். குழிந்த கண் இரண்டு நாளில் மேடேறவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

இதில் ஒரு பொறி உண்டு. சித்திரை மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அதை அப்படியே ஸ்ப்ரேயரில் பிடித்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். முந்தின இரவே பிடித்து வைத்த தண்ணீரைத்தான் அடிக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளைப் பொட்டு படியும். அது பச்சோந்தியைக் கொல்லாது, ஆனால் ஸ்ப்ரேயரின் வாய் ஒரு மாதத்தில் அடைத்து, மூடுபனியாக வர வேண்டியது பீய்ச்சாக வரும். ஆர்ஓ தண்ணீர் அடித்துவிட்டுப் போங்கள்.

வாயைத் திறந்தபடியே இருக்கிறது

மூன்று காரணங்கள். பிரித்துப் பார்ப்பது சுலபம்.

உடம்பு வெளிறி, வாய் பிளந்து, கூண்டின் அடியில் நிழல் தேடிப் போயிருந்தால் சூடு. வளர்ந்த வெயில்டுக்கு விளக்கடி 29 முதல் 32 டிகிரி போதும், மற்ற இடங்கள் 22 முதல் 27. இங்கே கோடையில் அறையே 36 தொடும். அந்த நாட்களில் சூட்டு பல்பை முழுக்க அணைத்துவிடுங்கள், யூவிபி (புற ஊதா ஒளி) குழாய் விளக்கு மட்டும் எரியட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழ் உள்ள அறையிலிருந்து கூண்டை இறக்குங்கள். வெட்டிவேர் தட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டு, மின்விசிறியைத் தட்டியின் பக்கம் திருப்பி வைத்தால் அறை நாலைந்து டிகிரி இறங்கும். காற்று நேராகப் பச்சோந்திமேல் அடிக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் தெளிப்பது வேண்டாத வேலை.

வாயோரம் எச்சில் நூல், உதடு வீங்கியது போல் இருக்கிறது, நாக்கை வீசவில்லை: இது இலை. டிஃபன்பேக்கியா, சேம்பு வகைகள், பீஸ் லில்லி, மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். இலைக்குள் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், மென்றால் குத்தும். சேப்பங்கிழங்கை அரைகுறையாக வேகவைத்துச் சாப்பிட்டால் தொண்டை அரிக்குமே, அதேதான். வாயின் பக்கவாட்டில் டிராப்பரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தானாக விழுங்கவும் வழியவும் விடுங்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் கூடாது. தொண்டைக்குக் கீழே வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அன்றைக்கே மருத்துவர்.

மணி பிளான்டைப் பற்றிச் சண்டையே நடக்கும். உலகம் முழுக்கப் பச்சோந்திக் கூண்டுகளில் அதுதான் அதிகம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கூண்டில் வேறு பச்சையே இல்லாமல் மணி பிளான்ட் மட்டும் வைத்தால் மேய்கிற வெயில்டு அதைத்தான் மேயும். செம்பருத்தியைப் பிரதானமாக வைத்து, மணி பிளான்டை அடியில் படரவிடுவது எங்கள் தேர்வு. டிஃபன்பேக்கியாவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

மூன்றாவது, எச்சிலோடு குமிழி, மூச்சில் 'டிக் டிக்' ஓசை, மூக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இது சளி. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு வரும். மண் காயாமல், காற்று ஓடாமல் இருப்பதே காரணம். நாலு பக்கமும் வலை உள்ள கூண்டு, 60க்கு 60க்கு 120 செ.மீ., அதுதான் தீர்வு. சளிக்கு மருந்து மருத்துவர்தான் தர வேண்டும்.

கை கால் நடுங்குகிறது, பிடி தளர்ந்து கீழே விழுகிறது

இதுதான் அவசரம். புதுச் செடி வைத்து ஒரு வாரத்துக்குள் இது வந்தால் பூச்சி மருந்தைச் சந்தேகியுங்கள்.

நர்சரிச் செடிக்கு மாவுப்பூச்சி வராமல் இருக்க இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை வேரில் ஊற்றுவார்கள், அல்லது குருணையாக மண்ணில் தூவுவார்கள். இவை வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலைக்குள்ளும் பூவுக்குள்ளும் போய்விடும். அதனால் இலையைக் கழுவினால் போகாது. மாதக்கணக்கில் செடிக்குள்ளேயே நிற்கும். இலையைத் தின்றும் வரும். அந்த இலையைத் தின்ற வெட்டுக்கிளியைத் தின்றும் வரும்.

அதனால் வாங்கிய செடியைக் கூண்டுக்குள் கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் நாளே தொட்டியிலிருந்து பிடுங்கி மண்ணை முழுக்க உதிர்த்து, வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சால் இலையின் மேலும் கீழும் துடைத்து, குழாயடியில் இரண்டு மூன்று நிமிடம் அலசுங்கள். பிறகு செம்மண் இரண்டு பங்கு, அலசிய தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நடுங்கள். பெர்லைட் வேண்டாம், ரசாயன உர உருண்டை வேண்டாம். குறைந்தது 8 வாரம் வெளியில் வளரட்டும், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. பழைய இலையை அவ்வப்போது கிள்ளி எறிந்து, புதிதாகத் துளிர்த்த இலையோடு உள்ளே போகட்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: காற்றோட்டமுள்ள டப்பாவில் நாலு சில்வண்டை அந்தச் செடியின் இலையோடு ஓர் இரவு விடுங்கள். பக்கத்தில் இன்னொரு டப்பாவில் நாலு சில்வண்டை, மருந்து படாத இலையோடு. முதல் டப்பாவில் மட்டும் செத்தால் அந்தச் செடியைக் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாகவில்லை என்பதற்காகச் செடி சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது.

உண்மையில் இத்தனை பாடும் தேவையில்லை. மருந்தடிக்காத பக்கத்து வீட்டு வேலியில் நிற்கும் செம்பருத்தியில் பென்சில் கனத்தில் 15 செ.மீ. குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை உருவி ஈர மண்ணில் ஊன்றினால் ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். ஆடி ஆவணி மழையில் வைத்தால் பிழைக்காத குச்சி குறைவு. மணி பிளான்டும் இப்படித்தான், பாட்டில் தண்ணீரில் இரண்டு வாரம். காசு கொடுத்து வாங்கிய செடியைவிடக் கேட்டு வாங்கிய குச்சி பத்திரம்.

மருந்து இல்லை என்று உறுதியானால், வேறு நாலு இடம் பாருங்கள். அறையில் கொசுவர்த்தியோ லிக்விடோ எரிகிறதா? செருகி வைக்கும் லிக்விடில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். வெளியில் பிடித்த பூச்சியைப் போட்டீர்களா? பாலாற்றங்கரை எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக அழகாக உட்கார்ந்திருக்குமே ஒரு வெட்டுக்கிளி, அது எருக்கின் நஞ்சைத் தின்று வளர்ந்தது, போடவே கூடாது. மின்மினி ஒன்று போதும், பல்லி ஓணான் வகையைக் கொன்றுவிடும். நெல் வயல் பூச்சியில் மருந்து இருக்கும். நாலாவது, கால்சியம் குறைவு. அதற்குக் கீழே தனியாக இருக்கிறது.

அரளி, மஞ்சள் அரளி, அடினியம், எருக்கு, ரணகள்ளி இவை இதயத்தைப் பிடிப்பவை. ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, செங்காந்தள், நித்தியகல்யாணி தனித்தனி நஞ்சுகள். இவற்றில் எதையாவது கடித்ததைக் கண்ணால் பார்த்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஒரு வாரமாக எச்சம் இல்லை, வயிறு உப்பியிருக்கிறது

வளர்ந்தது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போடும். தொட்டி மண்ணைப் பாருங்கள். பூச்சி மண்மேல் ஓடும்போது பச்சோந்தி நாக்கை வீசும். நாக்கின் நுனி பசை மாதிரி, பூச்சியோடு பெர்லைட் உருண்டையும் நாரும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். மண்மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய கூழாங்கல்லை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். சின்னக் கல்லே ஆபத்து. பூச்சியைத் தாராளமாக அவிழ்த்துவிடாமல், கிளையில் கட்டிய வழுவழுப்பான கப்பில் போடுங்கள். தப்பிய சில்வண்டு தொட்டிக்குள் ஒளிந்து இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும் என்பது இன்னொரு காரணம்.

பிளாஸ்டிக் இலை வைத்திருந்தால் ஓரம் கடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெயில்டு அதையும் தின்னும், குடலில் அடைக்கும். கடிபட்ட தடம் இருந்தால் எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவரிடம் நேராகப் போங்கள். விளக்கெண்ணெய் ஊற்றுகிற யோசனையை விடுங்கள்.

செடியை மொட்டையடிக்கிறது

நோய் இல்லை. பழக்கம், சில நேரம் தாகம். தண்ணீர் போதுமா என்று எச்சத்தைப் பார்த்துவிட்டு, செம்பருத்தி இலை பூ, மல்பெரி இலை கொடுங்கள். செம்பருத்தியை இரண்டு தொட்டியாக வைத்து, பத்து நாளுக்கு ஒன்றாக வெயிலுக்கு மாற்றினால் செடியும் பிழைக்கும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் பஞ்சு, அலசல், அவ்வளவுதான்.

கொண்டையில் கறுப்புத் திட்டு

விளக்குச் சூடு பட்ட புண். செடி வளர்ந்து ஏணி ஆகிவிட்டது. மேல் கிளைக்கும் பல்புக்கும் 20 முதல் 25 செ.மீ. இருக்கும்படி நுனியை வெட்டுங்கள். பல்பு கூண்டுக்கு வெளியே, வலைக்கு மேலே இருக்க வேண்டும்.

கால் வளைந்திருக்கிறது, தாடை மெத்தென்று இருக்கிறது

கூண்டு காடு மாதிரி அழகாக இருக்கிறதே என்று பெருமைப்படும்போதுதான் இது வரும். இலை அடர்ந்து, யூவிபி வெளிச்சம் கிளைக்கு வரவில்லை. அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் எலும்புக்குப் போகாது. மேலிருந்து பார்த்தால் விளக்கடிக் கிளையில் பாதி முதுகாவது திறந்திருக்க வேண்டும். நீளமான டி5 (மெல்லிய வகை) குழாய் விளக்கு, '5.0' அல்லது '6 சதவீத யூவிபி' என்று குறித்தது. வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், எரிந்துகொண்டிருந்தாலும் சரி. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. பூச்சிமேல் டி3 கலக்காத கால்சியம் பொடி ஒவ்வொரு வேளையும், டி3 கலந்தது மாதம் இருமுறை. வளைந்த கால் நேராகாது. மேலும் வளையாமல் நிறுத்தலாம்.

பெண் பச்சோந்தி தொட்டியைத் தோண்டுகிறது

முட்டை. ஆண் சேராவிட்டாலும் வெயில்டு முட்டையிடும். தொட்டி மண் ஆழம் போதாது என்றால் அங்கங்கே தோண்டிவிட்டு முட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. 30 செ.மீ. ஆழமுள்ள வாளியில் கழுவிய ஆற்று மணலும் மண்ணும் சரிபாதி, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும் ஈரம், விரலால் குடைந்தால் சரியாத பதம். கூண்டைச் சேலையால் மூடிவிட்டுத் தள்ளி இருங்கள். ஆள் பார்க்கிறதென்று தெரிந்தால் நிறுத்திவிடும். தோண்டலை நிறுத்தி, கண் மூடி, அடியில் படுத்தால் காத்திருக்காதீர்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோவது

பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளில் மாடு, ஆடு, நாய்தான் அன்றாட வேலை. ஊர்வன பார்த்துப் பழகியவர் யார் என்று பச்சோந்தி நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். அருகில் யாரும் இல்லை என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. காட்பாடியிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 130 கி.மீ. கோடையில் விடியற்கால ரயில்தான். காற்றுத்துளை போட்ட அட்டைப் பெட்டி, நகராதபடி இறுக்கிய ஒரு கிளை, ஓரத்தில் ஈரத் துணி. ஏசி பெட்டியில் போனால் மேலே ஒரு துண்டு. கடைசியாகப் போட்ட எச்சத்தை டிஷ்யூவோடு ஒரு கவரில், சந்தேகப்பட்ட செடியின் கிளையை இலை பூவோடு இன்னொரு கவரில், ஒரு பிடி தொட்டி மண்ணை மூன்றாவது கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நர்சரிக்காரரிடம் போனில் ஒரே கேள்வி: கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது? பதிலை கவர்மேலேயே எழுதிவிடுங்கள்.